ஸ்டார்ட்டர் கிட் வாங்கியாச்சு, அடுத்து என்ன? வீட்டுக்குள் சமையல் மூலிகை வளர்க்க முழுமையான வழிகாட்டி

எனக்குப் பரிசாக வந்த முதல் கிட்டில் ஐந்து விதைப் பொட்டலங்கள் இருந்தன. ஐந்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை விதைத்தேன். ஆறாம் நாள் பேசில், அதாவது திருநீற்றுப்பச்சிலை, முளைத்தது. அந்தச் சந்தோஷத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது வாரம் நாற்றுகள் நூல் போல நீண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தன. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் அத்தனையும் தரையோடு படுத்துக் கிடந்தன. கொத்தமல்லி நான்கு இலை விட்டுவிட்டு நின்றுபோனது. தைம் தலைகாட்டவே இல்லை. ரோஸ்மேரிக்காக இரண்டு மாதம் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விதையில் கோளாறு என்றுதான் அப்போது நினைத்தேன். அப்படியில்லை. கிட் என்பது முதல் மூன்று, நான்கு வாரத்துக்கான சாமான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு செடி கேட்கிற வெளிச்சம், பெரிய தொட்டி, உரம் எதுவுமே அந்தப் பெட்டிக்குள் வராது. அட்டைப்படத்தில் புதராக நிற்கும் செடி அந்தக் குட்டித் தொட்டியில் வளர்ந்தது அல்ல. இதைப் புரிந்துகொண்டு தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

பெட்டியைப் பிரித்ததும்

வழக்கமாக இருப்பவை: நான்கைந்து விதைப் பொட்டலங்கள், காய்ந்து இறுகிய வட்டு வடிவ மண் வில்லைகள், சின்னத் தொட்டிகளோ சாக்குத்துணிப் பைகளோ, பெயர் எழுதும் குச்சிகள். சிலவற்றில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியும் இருக்கும்.

முதலில் விதைப் பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். பொட்டலமிட்ட ஆண்டு இருக்கும். வெங்காயத்தாள் போன்ற சைவ்ஸ், கொத்தமல்லி போல இலை விடும் பார்ஸ்லி இரண்டின் விதைகளும் ஓரிரு ஆண்டிலேயே வீரியம் இழக்கத் தொடங்கிவிடும். பேசில் விதை நான்கைந்து ஆண்டு தாங்கும். சந்தேகம் வந்தால் பத்து விதையை ஈரமான டிஷ்யூ தாளில் மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். பத்தில் ஆறேழு முளைத்தால் நல்ல விதை. மூன்றுதான் முளைக்கிறது என்றால் மூன்று மடங்கு தூவ வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்து மண் வில்லை. இது தென்னை நார்க்கழிவாகவோ, சதுப்பு நிலத்தில் மக்கிய பீட் பாசியாகவோ இருக்கும். இரண்டிலுமே சத்து அநேகமாகக் கிடையாது. அது ஒரு குறையல்ல, முளைக்கும் விதைக்குத் தேவையான சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. சில வில்லைகளைச் சுற்றி மெல்லிய வலை போட்டிருப்பார்கள். வேர் அதைத் துளைத்துப் போகும் என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். பெரிய தொட்டிக்கு மாற்றும்போது அந்த வலையைக் கத்தரியால் கீறி எடுத்துவிடுங்கள். ஒருமுறை காய்ந்துபோன செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் மொத்தமும் அந்த வலைக்குள்ளேயே சுருண்டு, புதுமண்ணைத் தொடாமலே கிடந்தது.

கடைசியாகத் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஓட்டை இல்லாவிட்டால் அது பூச்சாடிதான், தொட்டி இல்லை. துளை போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் ஓட்டையுள்ள சின்னத் தொட்டியை உள்ளே இறக்கி வைக்கும் உறையாக வைத்துக்கொள்ளுங்கள். சாக்குத்துணிப் பை பார்க்க அழகாக இருக்கும். அடியில் தட்டு வைக்காவிட்டால் மர மேசையில் வட்டமாகக் கறை விழும்.

எதை முதலில் விதைப்பது

ஐந்தையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். இரண்டு, மூன்று வகையோடு தொடங்குங்கள். அதிலும் பாதி விதையை மிச்சம் வையுங்கள்.

எளிதானவை பேசில், கொத்தமல்லி, சதகுப்பை என்கிற டில். சைவ்ஸ், ஆரிகனோ இரண்டும் நடுத்தரம். பார்ஸ்லி எளிதுதான், பொறுமை மட்டும் வேண்டும். தைம், சேஜ் மெதுவானவை.

ரோஸ்மேரி விதையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அதன் முளைப்புத்திறன் இயல்பாகவே குறைவு, முளைத்தாலும் முதலாண்டில் விரல் உயரம்தான் வரும். யாரிடமாவது இருக்கும் செடியிலிருந்து ஒரு துண்டு ஒடித்து வைப்பது எவ்வளவோ மேல். லாவெண்டர் விதைக்குச் சில வாரம் குளிர் கொடுத்தால்தான் உறக்கம் கலையும். அதை ஈரத் தாளில் மடித்து ஃப்ரிட்ஜில் வைக்கும் பொறுமை இருப்பவர்கள் மட்டும் தொடலாம்.

புதினா விஷயத்தில் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. பெப்பர்மின்ட் என்பது இரண்டு புதினா இனங்கள் கலந்து பிறந்த மலட்டுக் கலப்பினம். வேரையோ தண்டையோ வைத்துத்தான் அதைப் பெருக்க முடியும். ஆகவே ‘பெப்பர்மின்ட் விதை’ என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும் முளைப்பது வேறு ஏதோ ஒரு புதினாதான், வாசனையும் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். சமையலுக்கு வாங்கும் புதினாக் கட்டில் திடமான நான்கு தண்டை எடுத்துத் தண்ணீரில் வைத்தால் பத்து நாளில் வேர் விட்டுவிடும். விதைக்கு வேலையே இல்லை. தொட்டியை மட்டும் தனியாகக் கொடுங்கள். பக்கத்துச் செடியை நெருக்கித் தள்ளிவிடும் சுபாவம் அதற்கு.

இங்கேயே ஒரு பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் கடைசிவரை உதவும். பேசில், புதினா, தைம், ஆரிகனோ, சேஜ், ரோஸ்மேரி எல்லாம் ஒரே குடும்பம். பேசில் தண்டையோ புதினாத் தண்டையோ இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், வழுவழுவென்று உருளாது. நான்கு மூலை தட்டுப்படும். இந்தச் சதுரத்தண்டுக்காரர்களைக் கிள்ளக் கிள்ளக் கிளை விடும். கொத்தமல்லி, பார்ஸ்லி, டில் மூன்றும் கேரட் குடும்பம். நடுவேர் நீளமாக இறங்கும், புது இலை நடுக்குருத்திலிருந்து வரும், நுனி கிள்ளுகிற வேலை இங்கே செல்லாது. சைவ்ஸ் வெங்காயக் குடும்பம், அதன் கணக்கே தனி.

வெளிச்சம்: விதைக்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டியது

வீட்டுக்குள் செடி சாவதற்குத் தண்ணீரை எல்லோரும் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் முதல் குற்றவாளி இருட்டு. நம் கண் மங்கலான இடத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதால் அறை ‘நல்ல வெளிச்சமாக’த் தெரியும். ஜன்னலை விட்டு இரண்டு அடி உள்ளே நகர்ந்தாலே செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் கடகடவென்று குறைந்துவிடும்.

நண்பகலில் ஒரு சோதனை செய்யுங்கள். தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு 30 செ.மீ. மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி அழுத்தமான நிழல் விழுந்தால் பேசிலே வளரும். ஓரம் கலங்கிய நிழல் என்றால் பார்ஸ்லி, புதினா, சைவ்ஸ் சமாளிக்கும். நிழலே விழவில்லையென்றால் விளக்கு வாங்காமல் விதையைத் தொடாதீர்கள்.

பெரும்பாலான சமையல் மூலிகைகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வட அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்குத் தெற்கு பார்த்த ஜன்னல் சிறந்தது, தென் அரைக்கோளத்தில் வடக்கு பார்த்தது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உச்சிவெயில் தலைக்கு மேலேயே போய்விடும் என்பதால் கிழக்கு, மேற்கு ஜன்னல்கள்தான் கைகொடுக்கும். இரண்டில் கிழக்கு மேல். மேற்கு வெயில் கண்ணாடியைச் சுடவைத்து, ஒட்டி நிற்கும் இலையைப் பொசுக்கிவிடும்.

விளக்கு என்றால் ஊதா நிறத்தில் எரியும் விசேஷ விளக்குதான் வேண்டும் என்றில்லை. பெட்டியில் ஒளியின் நிற அளவு 5000 முதல் 6500 கெல்வின் வரை என்று குறிப்பிட்டிருக்கும் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கே போதும். செடியின் நுனிக்கு மேலே 15 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொங்க வேண்டும், கூரையில் எரியும் விளக்கு கணக்கில் சேராது. நாற்றுப் பருவத்தில் 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும், மீதி நேரம் இருட்டு. ஒரு டைமர் மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. செடி வளர வளர விளக்கை உயர்த்துங்கள். இலை நுனி வெளுத்துச் சுருண்டால் விளக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது.

ஜன்னலோரச் செடி வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனிக்குச் சின்னத் தொப்பி போட்டு மூடிப் பார்த்தார்கள், வளைவது நின்றுவிட்டது. வெளிச்சத்தை உணர்வது நுனிதான் என்று 1880-இல் எழுதினார்கள். நமக்கு இதிலிருந்து ஒரு சின்ன வேலை: இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். ஆனால் சாய்வதோடு நிற்காமல் கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, தண்டு வெளிறி நீண்டால் திருப்பிப் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள்.

விதைக்கும் நாள்

மண் வில்லையை அகலமான பாத்திரத்தில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். குளிர்ந்த நீரிலும் ஊறும், நேரம்தான் ஆகும். வில்லை உயர்ந்து பொலபொலவென்று ஆனதும் ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம், தாளில் பரப்பி உலரவிடுங்கள். கிட்டில் தந்த அளவுத் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக ஊற்றியவர்கள்தான் சேற்றில் விதைக்கிறார்கள்.

தொட்டியில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நிரப்பி, லேசாகத் தட்டுங்கள், அமுக்க வேண்டாம்.

ஆழம்தான் அடுத்த சிக்கல். விதையின் தடிமனைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆழம் என்பது பொது விதி. பேசிலுக்கு அரை செ.மீ. பார்ஸ்லி, சைவ்ஸ், டில் அரையிலிருந்து ஒரு செ.மீ. கொத்தமல்லி ஒன்று முதல் ஒன்றரை. தைம், ஆரிகனோ இரண்டையும் மூடவே கூடாது, மேலே தூவி விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் போதும். முளைக்க அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். என் முதல் தைம் தலைகாட்டாததற்குக் காரணம் நான் அன்போடு போட்ட ஒரு விரற்கடை மண். இந்தப் பொடி விதைகளைக் கையால் தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். பல்குத்தும் குச்சியின் நுனியை நனைத்துத் தொட்டால் ஒன்றிரண்டாக ஒட்டிக்கொண்டு வரும்.

ஒவ்வொரு விதைக்கும் ஒரு சின்னக் குணம் உண்டு. கொத்தமல்லி விதை என்று நாம் சொல்லும் உருண்டை உண்மையில் காய், அதற்குள் இரண்டு விதை. சப்பாத்திக் கட்டையை வைத்து மெல்ல உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். தூளாகிவிடக் கூடாது, பிளந்தால் போதும். முளைப்பு சீராகும். பார்ஸ்லியை விதைக்கும் முன் 12 முதல் 24 மணி நேரம் ஊறவையுங்கள். பேசிலை ஊறவைக்கவே வேண்டாம். அது நமக்குத் தெரிந்த சப்ஜா விதைதான். ஈரம் பட்ட சில நிமிடத்தில் கறுப்பு விதையைச் சுற்றி வெளிர்நீலமாய் ஒரு கூழ்ப்படலம் வரும். இதைப் பூஞ்சை என்று நினைத்து முதல் நாளே தொட்டியைக் குப்பையில் கொட்டியவர்கள் உண்டு. அது விதை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழி, தொந்தரவு செய்யாதீர்கள்.

ஒரு தொட்டிக்குப் பேசில் ஐந்தாறு விதை, கொத்தமல்லி எட்டு, சைவ்ஸ் பதினைந்து இருபது. சைவ்ஸ் மட்டும்தான் கூட்டமாக வளர விரும்பும்.

பெயர்க்குச்சியில் செடியின் பெயரோடு தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். இரண்டாவது வாரம் ‘இதை என்றைக்கு விதைத்தோம்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும்.

காத்திருக்கும் நாட்கள்

மேலே பிளாஸ்டிக் மூடியோ துளையிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளோ போட்டு, 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்ள இடத்தில் வையுங்கள். மூடியோடு நேர் வெயிலில் வைத்தால் உள்ளே அடுப்பாகிவிடும். தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று வாங்கவிடுங்கள். மேல்மண் காய்ந்தால் குடம் வேண்டாம், ஸ்பிரே போதும்.

பேசில் 5 முதல் 10 நாளில் வரும். கொத்தமல்லி, டில், சைவ்ஸ், ஆரிகனோ ஒன்றிலிருந்து இரண்டு வாரம், கொத்தமல்லி சில சமயம் மூன்று. தைமுக்கு இரண்டு, மூன்று வாரம். பார்ஸ்லி நான்கு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். அதற்குள் விரலால் கிளறிப் பார்த்தால் அப்போதுதான் வெளிவந்த வேர் அறுந்துபோகும்.

முளைத்ததும் முகம் ஒவ்வொன்றுக்கும் வேறு. பேசிலின் விதையிலைகள், அதாவது விதைக்குள்ளிருந்து முதலில் வரும் இலைகள், எதிரெதிரே இரண்டு அரைவட்டம். கொத்தமல்லிக்கு இரண்டு நீளப்பட்டை, புல் முளைத்துவிட்டதோ என்று தோன்றும், அடுத்து வரும் இலைதான் நாம் அறிந்த பல்வெட்டு இலை. சைவ்ஸ் ஊசிக்காதில் நுழைத்த நூல் மாதிரி மடங்கியபடியே எழும். நுனியில் கறுப்பு விதைத்தோல் தொப்பி போல ஒட்டிக்கொண்டிருக்கும். உதவி செய்கிறேன் என்று அதைப் பிய்க்காதீர்கள்.

பாதி முளைத்த அன்றே மூடியை எடுத்துவிடுங்கள். விளக்கு வைத்திருந்தால் அன்றே ஏற்றுங்கள். ‘இன்னும் ரெண்டு நாள் போகட்டும்’ என்ற அந்த இரண்டு நாளில்தான் நாற்று நூலாக நீள்கிறது.

தண்ணீரும் நாற்றழுகலும்

என் முதல் நாற்றுகள் படுத்த கதையின் பெயர் நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வாழ் நுண்ணுயிரிகள் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைத் தாக்கும். அந்த இடம் மட்டும் நீர்கோத்து, இடுப்பு சிறுத்த மாதிரி மெலிந்து, மேல்பகுதி பச்சையாக இருக்கும்போதே சாய்ந்துவிடும். விழுந்த நாற்றைக் காப்பாற்ற மருந்தில்லை, அதை மண்ணோடு எடுத்தெறிய வேண்டியதுதான். வராமல் தடுப்பது எளிது: எப்போதும் ஈரமாக இருக்கும் மேல்மண், அசையாத காற்று, நெருக்கம் இந்த மூன்றையும் தவிர்த்தால் அநேகமாக வராது.

ஆகவே அடியிலிருந்து தண்ணீர் கொடுங்கள். தட்டில் ஒரு விரற்கடை நீர் ஊற்றித் தொட்டியை 15, 20 நிமிடம் வையுங்கள். மண் தானே உறிஞ்சும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், தட்டில் தண்ணீர் தேங்கி நிற்பது வேருக்கு மூச்சுத்திணறல். எப்போது கொடுப்பது என்பதற்கு நாள்கணக்கு வேண்டாம். தண்ணீர் குடித்த உடனே தொட்டியைத் தூக்கி அதன் கனத்தைக் கை பழகிக்கொள்ளட்டும். அடுத்த முறை தூக்கும்போது பொம்மை போல லேசாக இருந்தால் நேரம் வந்துவிட்டது. நார்க்கழிவு மண்ணில் இது ரொம்ப முக்கியம், மேலே காய்ந்து வெளுத்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும்.

சின்ன மின்விசிறி ஒன்று குறைந்த வேகத்தில் சில மணி நேரம் சுற்றட்டும். விசிறி இல்லையா? போகும்போதும் வரும்போதும் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெல்ல வருடிக்கொடுங்கள். அசைவு பட்ட தண்டு குட்டையாகவும் தடிமனாகவும் வளரும்.

இரண்டு விதையிலைக்கு மேல் முதல் ஜோடி உண்மையான இலை விரிந்ததும் அதிகப்படி நாற்றுகளை நீக்கி நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். மனசு வராது, செய்துதான் ஆக வேண்டும். தொட்டிக்குத் திடமான இரண்டு, மூன்று பேசிலை விட்டுவிட்டு மற்றவற்றை மண் மட்டத்தில் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து வரும். நறுக்கியதைத் தூக்கிப்போட வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளலாம். முதல் அறுவடை அதுதான்.

தொட்டி மாற்றுதல்

நான்கைந்து வாரத்தில் இரண்டு, மூன்று ஜோடி இலை வந்து, அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். கிட் தொட்டியின் வேலை இங்கே முடிந்தது.

பேசில், பார்ஸ்லி, ஆரிகனோ ஒவ்வொன்றுக்கும் 12 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள தொட்டி எடுங்கள். தோட்டத்து மண்ணை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், சின்னத் தொட்டியில் அது கல்லாக இறுகிவிடும். நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரமோ மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறையின் லேசான வெள்ளைத் துகள்) ஒரு பங்கு என்பது என் கலவை. தைம், ரோஸ்மேரி, சேஜுக்கு மட்டும் நார்க்கழிவைக் குறைத்து, பெர்லைட்டையோ பருமணலையோ இரட்டிப்பாக்குவேன். வறண்ட சரிவுகளில் வளர்ந்து பழகிய செடிகள் அவை, கால் நனைந்தே இருப்பது பிடிக்காது.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பது நெடுநாள் நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. நுண்மண்ணிலிருந்து பெரிய கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி, சொதசொதப்பான மண்ணை வேருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவரும். ஓட்டையை மறைக்க ஒரு துண்டு வலை போதும்.

மாற்றும்போது நாற்றை இலையில் பிடியுங்கள், தண்டில் வேண்டாம். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் கதை முடிந்தது. பேசிலைக் கொஞ்சம் ஆழமாகவே நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். பார்ஸ்லியின் நடுக்குருத்து மட்டும் மண்ணுக்குள் போகக் கூடாது. நட்ட இரண்டு நாள் நேர் வெயிலிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.

கொத்தமல்லியும் டில்லும் இந்தப் பயணத்தில் வரவே கூடாது. நடுவேரைத் தொட்டால் பயந்துபோய்ப் பூ எடுத்துவிடும். இவை இரண்டையும் முதலிலேயே 15 முதல் 20 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில், நிலையாக இருக்கும் இடத்தில் விதையுங்கள். கிட் என்ன சொன்னாலும் சரி.

உரம்

மக்கிய உரம் கலந்து நட்டால் முதல் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. பிறகு பேசிலுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரவ உரம், பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி. பார்ஸ்லி, சைவ்ஸுக்கு மாதம் ஒருமுறை. தைமுக்கு எப்போதாவது. தழைச்சத்து அதிகமானால் இலை பெரிதாகித் தளதளவென்று இருக்கும், முகர்ந்தால் வாசனை இருக்காது. வாசனைக்காகத்தானே வளர்க்கிறோம்.

அறுவடை: பேசிலில் கற்றுக்கொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, அடியில் இருக்கும் பெரிய இலைகளாகப் பார்த்துப் பறிப்பது. சாப்பாடு தயாரிக்கும் இலைகள் அவைதான். அவற்றைப் பறித்தால் உச்சியில் குஞ்சம் வைத்த குச்சி மிஞ்சும்.

பேசில் 15 செ.மீ. உயர்ந்து நான்கு ஜோடி இலை விட்டதும் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேரும் கக்கத்தில் மிளகளவுக்கும் சிறிய இரண்டு துளிர்கள் உறங்கிக்கொண்டிருக்கும். நுனி இருக்கும்வரை அது அனுப்பும் ஆக்சின் என்ற ஹார்மோன் இவற்றை அடக்கி வைக்கும். கீழிருந்து இரண்டாவது ஜோடிக்கு அரை செ.மீ. மேலே தண்டை வெட்டுங்கள். ஒரு வாரத்தில் இரண்டு துளிரும் இரண்டு கிளையாகும். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று ஜோடி இலை விட்டதும் அதேபோல் வெட்டினால் நான்கு நுனி, மறுபடி வெட்டினால் எட்டு. முதல் வெட்டுக்குத் துணியாதவர் செடியில் கடைசிவரை ஒரே நுனிதான். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மொட்டுக் கதிர் தெரிந்தால் அன்றே கிள்ளுங்கள், பூக்க விட்டால் இலை சிறுத்து வாசனை முரடாகும்.

வெட்டிய 10 செ.மீ. நுனியில் கீழ் இலைகளை நீக்கித் தண்ணீரில் வைத்தால் ஏழு முதல் பத்து நாளில் வேர் வரும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேர் மூன்று செ.மீ. ஆனதும் நடலாம். ஒரு பொட்டலம் விதையில் வருஷம் முழுக்கப் பேசில் சாப்பிடும் ரகசியம் இதுதான், விதையே தேவைப்படாது.

பார்ஸ்லியில் வெளிவட்டத்துத் தண்டுகளை அடியோடு வெட்டுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். இது ஈராண்டுச் செடி, இரண்டாம் ஆண்டில் பூக்கும் வரை தந்துகொண்டே இருக்கும். சைவ்ஸை மொத்தக் கொத்தாகப் பிடித்து மண்ணிலிருந்து மூன்று செ.மீ. விட்டு நறுக்குங்கள். தைம், ரோஸ்மேரியில் பச்சையான இளந்தண்டு வரைக்கும்தான் வெட்டலாம், பழுப்பு நிறக் கட்டைத்தண்டு வரை வெட்டினால் அங்கிருந்து துளிர்ப்பது அரிது.

கொத்தமல்லியோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெப்பம் கூடினாலும் பகல் நீண்டாலும் மண் ஒருமுறை வறண்டாலும் அது பூவுக்குப் போய்விடும். அகன்ற இலைகளுக்கு நடுவே நூல்நூலாக ஓர் இலை வந்தால் அதுதான் அறிவிப்பு. கிள்ளினாலும் நிற்காது. இரண்டு, மூன்று தடவை இலை எடுப்பதோடு அதன் ஆயுள் சரி. ஆகவே மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி என்று மாற்றி மாற்றி விதைத்துக்கொண்டே இருங்கள். பாதி விதையை மிச்சம் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

தொல்லைகள்

மண்ணுக்கு மேலே சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று பொருள். அவற்றின் புழுக்கள் ஈரமான மேல்மண்ணில்தான் வாழும். மேல் இரண்டு செ.மீ. நன்றாகக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைக் குத்தி வைத்தால் சில வாரத்தில் அடங்கும்.

அசுவினிப் பூச்சி இளந்தளிரின் பின்பக்கம் அடையாக உட்காரும். குழாயடியில் சாய்த்துப் பிடித்துக் கழுவினாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மிருதுவான சோப்புக் கரைசல், முதலில் ஓர் இலையில் அடித்து ஒருநாள் பார்த்துவிட்டு. சாப்பிடும் இலை என்பதால் பறித்ததும் நன்றாக அலசுங்கள். கடையில் கிடைக்கும் அலங்காரச் செடி மருந்துகளைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள்.

இலை புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செம்பேன், காற்று ரொம்ப வறண்டிருக்கிறது. பேசில் இலை மேலே மஞ்சளாகித் திருப்பினால் சாம்பல் பொடி படிந்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய். அந்தச் செடியை உடனே அகற்றுங்கள், பக்கத்துத் தொட்டிக்குப் பரவும். பேசில் இலை கறுத்துப்போனால் முதலில் குளிரைச் சந்தேகப்படுங்கள். 10 டிகிரிக்குக் கீழே அதற்கு ஆகாது, குளிர்கால இரவில் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலைதான் முதலில் கறுக்கும்.

ஐந்தாறு மாதத்தில் பேசிலின் அடித்தண்டு மரமாகி இலை சிறுத்துவிடும். அதைப் பிழைக்கவைக்க முயல வேண்டாம், தண்ணீரில் வேர்விட்ட நுனி அதற்குள் தயாராக இருக்கும். மிச்ச விதையைப் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலியான கிட் தொட்டிகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தால் அடுத்த சுற்றுக்கு ஆகும். அதில் நான் இம்முறை தைம் போட்டிருக்கிறேன், மண் மூடாமல்.